சிறைக்குள்ளே ஒரு சேரி

1932 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள். கொங்கணக் கடற்கரையிலுள்ள இரத்தினகிரிச் சிறையில் ஒரு கைதி உண்ணாநோன்பு தொடங்கினார். சிறைக்கூடத்தில் உண்ணாநோன்பு புதிதன்று. களியிலே கல் கிடக்கிறது என்று கலயத்தைத் தள்ளியவர் உண்டு. காவலர் கைநீட்டினார் என்று கஞ்சியை வெறுத்தவர் உண்டு. படிக்க ஏடு வேண்டும், எழுதத் தாள் வேண்டும் என்று பட்டினி கிடந்தவரும் உண்டு. இந்தக் கைதி கேட்டது இவற்றுள் எதுவும் அன்று. சிறையின் கழிவிடங்களைத் துப்புரவு செய்யும் வேலை தமக்கு வேண்டும் என்று கேட்டார்! முடியாது என்றனர் அதிகாரிகள்!

அவர் பெயர் அப்பாசாகேப் பட்வர்த்தன். காந்தியாரின் தொண்டர். பிறப்பால் பார்ப்பனர். அந்தப் பிறப்புத்தான் குறுக்கே நின்றது. அவ்வேலை அதற்கென்று உள்ள சாதியாருக்கே உரியது, சாதி இந்துவை அதில் ஈடுபடுத்த விதி இடந்தராது என்று கைவிரித்தது சிறை நிருவாகம். செய்தி ஏரவாடாச் சிறையிலிருந்த காந்தியாருக்கு எட்டியது. ஒடுக்கப்பட்டோருக்குத் தனித்தொகுதி கூடாதென்று அதே ஆண்டு செப்டம்பரில் உண்ணாநோன்பிருந்து, அம்பேத்கரைப் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தவர் அவர். இப்போது பட்வர்த்தனுக்குத் துணையாக மீண்டும் உணவை விலக்கினார். அரசு இறங்கி வந்தது. விருப்பத்தோடு முன்வருகிற சாதி இந்துக்களை அவ்வேலை செய்ய விடலாம் என்று இசைந்தது.

பட்வர்த்தனாரின் நேர்மையை நாம் ஐயுறவில்லை. வருணாசிரமத்தைப் போற்றிய தலைவரின் பின்னே நின்றவர் என்றாலும், வாளியைத் தூக்க முன்வந்த கை அவருடையது. மறுப்பதற்கில்லை. ஆனால், தோழர்களே, நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அதுநாள்வரை அந்தச் சிறையில் மலவாளி சுமந்து வந்தவன் ஒருவன் இருந்தானே, அவன் யார்? அவன் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது? 'இந்த வேலை எனக்கு வேண்டாம்' என்று அவன் உண்ணாநோன்பு இருந்திருந்தால், எந்தத் தலைவர் அவனோடு பட்டினி கிடந்திருப்பார்? எந்த அரசு இறங்கி வந்திருக்கும்? பட்வர்த்தனாருக்கு அவ்வேலையைக் கேட்டுப் பெறும் உரிமை கிடைத்தது. அதை மறுக்கும் உரிமை மற்றவனுக்குச் சட்டப்படி எப்போது கிடைத்தது? 2024 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 3 ஆம் நாள்! இடையே ஏறத்தாழ 92 ஆண்டுகள். வெள்ளையன் போய்விட்டான், குடியரசு வந்துவிட்டது, தீண்டாமை ஒழிந்ததென்று அரசியல் சட்டத்தின் 17 ஆம் விதி அறிவித்துவிட்டது. சிறைக்குள்ளே மட்டும் மனு சாகவில்லை.

சிறையை ஏன் தனியே எடுத்துப் பேசவேண்டும், சாதி இல்லாத இடம் இந்த நாட்டில் எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. ஊரில் சாதி இருக்கிறதே என்று கேட்டால், 'அது மக்களின் பழக்கம், மனம் மாறவேண்டும், அரசு என்ன செய்யும்' என்று ஆள்வோர் சாக்குச் சொல்லலாம். சிறையில் அந்தச் சாக்குச் செல்லாது. கைதி எப்போது எழவேண்டும், எதை உடுத்தவேண்டும், எத்தனை கிராம் அரிசி உண்ணவேண்டும், எங்கே படுக்கவேண்டும், திங்களுக்கு எத்தனை மடல் எழுதலாம் என்று அனைத்தையும் முடிவு செய்வது அரசு. அங்கே தெருவும் அரசினுடையது, அடுப்பும் அரசினுடையது, கிணறும் அரசினுடையது. அத்தகைய இடத்தில் சாதி உயிரோடு இருந்தால், அது அரசு தன் கையால் ஊட்டி வளர்த்தது என்றுதானே பொருள்?

ஊட்டி வளர்த்த கதையைப் பார்ப்போம்.

கிழக்கிந்தியக் கும்பெனியின் தொடக்கக் காலத்தில் வங்காள மாகாணச் சிறைகளில் கைதிக்குச் சோறு போடுவதில்லை. நாளொன்றுக்குச் சில காசுகள் கையில் கொடுத்துவிடுவர். அவன் சிறைக்கு வரும் வணிகனிடம் மாவும் பருப்பும் வாங்கித் தானே அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொள்வான். நூறு கைதி இருந்தால் நூறு அடுப்புப் புகையும். அவரவர் சாதி அவரவர் அடுப்பில் பத்திரமாக வெந்துகொண்டிருக்கும். இதில் ஆட்சியாளருக்கு ஒரு நட்டம் இருந்தது. சமையலுக்கே நாளில் பெரும் பொழுது போய்விட்டால் கைதியிடம் வேலை வாங்குவது எப்போது?

1836 இல் சிறை ஒழுங்கை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. அதற்குத் தூண்டுகோலாக இருந்தவர், நம் பள்ளிகளுக்கெல்லாம் ஆங்கிலத்தைத் தந்த அதே மெக்காலே. 1838 இல் குழுவின் அறிக்கை வந்தது. கடுமையான அறிக்கை. சிறையென்றால் கைதி அஞ்சவேண்டும் என்பது அதன் உயிர்க்கருத்து. ஆயினும் ஓரிடத்தில் அந்தக் கடுமை குழைந்துபோகிறது. உயர்சாதிக் கைதியைக் கைத்தொழில் செய்யக் கட்டாயப்படுத்தினால் அவனுக்கு மட்டுமன்றி அவன் குடும்பத்துக்கே நீங்காத இழிவு நேரும், மக்கள் அதைக் காட்டுமிராண்டிக் கொடுமையாகக் கருதுவர் என்ற தயக்கம் அங்கே எழுதப்பட்டிருக்கிறது. மலம் அள்ளுவோனுக்கு நேரும் இழிவு பற்றி இத்தகைய தயக்கம் எவருக்கும் எழவில்லை. அவன் இழிவு இயற்கை; இவன் இழிவு கொடுமை!

அதே குழுவின் மற்றொரு முகத்தையும் காணவேண்டும். கடல் கடந்து நாடு கடத்தும் தண்டனையை அது போற்றியது. 'காலாபானி' என்னும் கருங்கடலைத் தாண்டினால் சாதி போய்விடும் என்று வடநாட்டு உயர்சாதியார் நடுங்கினர். அந்த நடுக்கமே ஆட்சிக்கு வலிமைமிக்க ஆயுதம் என்று குழு கண்டது. 1858 மார்ச்சுத் திங்களில் அந்தமானுக்கு முதல் கைதிக் கூட்டம், ஏறத்தாழ 200 பேர், கப்பலேற்றப்பட்டபோது அந்த ஆயுதம்தான் வீசப்பட்டது. ஆக, சாதியை உடைக்க வெள்ளை அரசால் முடியாது என்பதில்லை. உடைத்தால் எப்படி வலிக்கும் என்று அளந்து வைத்திருந்தது. அச்சுறுத்த வேண்டியபோது உடைத்தது. ஆட்சி நடத்த வேண்டியபோது காத்தது. வரலாற்று ஆசிரியர் சிலர், 'ஆங்கிலேயன் நம் பழக்கத்தை மதித்தான்' என்று எழுதுவதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கப்பல்தான் நினைவுக்கு வருகிறது.

1840களில் பொதுச் சமையல் முறை புகுத்தப்பட்டது. பீகார்ச் சிறைகளில் கொந்தளிப்பு எழுந்தது. கைதிகள் உண்ண மறுத்தனர், கல்லெறிந்தனர், காவலரோடு மோதினர். 1855 இல் அதைவிடப் பெரிய கலகம் மூண்டது. கைதியிடம் இருந்த பித்தளைச் சொம்பை, அது ஆயுதமாகும் என்று அஞ்சிப் பறித்துக்கொண்டு, மண்கலம் தர முற்பட்டனர். பித்தளையைத் தேய்த்துக் கழுவினால் தூய்மையாகிவிடும். மண்கலம் ஒருமுறை தீட்டுப்பட்டால் பட்டதுதான் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆராவிலும் முசாபர்பூரிலும் சிறைகள் கொதித்தன. முசாபர்பூரில் ஊரார் ஆயிரக்கணக்கில் திரண்டு சிறையைச் சூழ்ந்தனர். அரசு பணிந்தது, சொம்புகள் திரும்பி வந்தன.

பகுத்தறிவாளர் இதைப் படித்தவுடன் சிரித்துவிடுவது எளிது. ஒரு சொம்புக்காகவா கலகம் என்று கேட்டுவிடலாம். நான் அப்படிச் சிரிக்கத் துணியவில்லை. உடையும் உரிமையும் பறிபோன மனிதனிடம் எஞ்சியிருந்த ஒரே உடைமை அந்தச் சொம்பு. அதைப் பறித்தவன் சாதியை ஒழிக்க வந்த சீர்திருத்தக்காரனும் அல்லன். அந்தக் கலகத்தில் அடக்குமுறைக்கு எதிரான சீற்றமும் இருந்தது, தீட்டைக் காக்கும் வெறியும் இருந்தது. முன்னதை வணங்கலாம்; பின்னதைக் கண்டிக்கலாம். இரண்டையும் ஒன்றாக்கி 'மக்கள் எழுச்சி' என்று மாலை போட முடியாது.

இரண்டாண்டு கழித்து 1857 வந்தது. அதன் பிறகு வெள்ளையருக்குச் சாதி என்றாலே தீக்குச்சியைத் தொட்டதுபோல் கை பின்வாங்கியது. 1858 நவம்பர் 1 அன்று விக்டோரியா அரசியின் அறிக்கை, குடிமக்களின் சமய நம்பிக்கைகளில் தலையிடமாட்டோம் என்று உறுதி கூறிற்று. சிறைக்கூடத்தில் அதற்கு என்ன பொருள்? பொதுச் சமையலை அரசு கைவிடவில்லை. கைதியின் வேலை நேரத்தை இழக்க அதற்கு மனமில்லை. எனவே ஓர் ஒப்பந்தம் உருவாயிற்று. எழுதாத ஒப்பந்தம். பார்ப்பனர் சமைத்ததை எந்தச் சாதியும் உண்ணும் அல்லவா? அப்படியானால் பார்ப்பனக் கைதியைச் சமையற்காரராக்கு! அடுப்பு ஒன்றாயிற்று, அகப்பை ஒரு சாதியின் கைக்குப் போயிற்று. மறுமுனையில் வாளி இன்னொரு சாதியின் தலைக்குப் போயிற்று. இரண்டுக்கும் நடுவே செக்கும் தறியும் கல்லுடைப்பும் மற்றவர்க்கு.

1894 இல் சிறைகள் சட்டம் வந்தது. அது சிறிய சட்டம். விவரங்களை வகுக்கும் வேலையை மாகாண அரசுகளிடம் விட்டது. அவை விதிநூல்களைத் தயாரித்தன. சட்டமன்றத்தில் எவரும் படித்து விவாதிக்காத, அலுவலக அலமாரியில் உறங்கும் தடித்த நூல்கள். அவற்றிலேதான் சாதி, அரசு முத்திரையோடு சட்டமாக உட்கார்ந்துகொண்டது. வங்கத்து விதிநூலில் இருந்தவற்றைக் கேளுங்கள். தனிக்கொட்டடிகளுக்கு உணவைச் சமைத்துக் கொண்டுசெல்பவர் 'தகுந்த சாதி'யைச் சேர்ந்த கைதியாக இருக்கவேண்டும். இருக்கும் சமையற்காரரின் கையால் உண்ணமுடியாத அளவுக்கு உயர்ந்த சாதிக்காரன் ஒருவன் வந்துவிட்டால், அவனையே சமையற்காரனாக்கி அனைவருக்கும் சமைக்கச் செய்யவேண்டும். துப்புரவாளரை மெத்தர், ஹரி சாதிகளிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். சண்டாளர் முதலிய பிறரிலிருந்தும் எடுக்கலாம், அவர்கள் வெளியே அத்தொழில் செய்கிறவர்களானால். வேறு எந்தச் சாதிக்காரனும் செய்யலாம், ஆனால் அவனே விரும்பி முன்வரவேண்டும்! பட்வர்த்தனார் இரத்தினகிரியில் பட்டினி கிடந்து பெற்ற விருப்புரிமையை அப்படியே எதிரொலிக்கிறது இந்த விதி. விருப்பம் கேட்கப்படுவது மேலே உள்ளவனிடம். கீழே உள்ளவனிடம் கேட்கப்படுவது சாதி மட்டும்.

இராசத்தானத்தின் 1951 ஆம் ஆண்டு விதிகளில், பார்ப்பனரோ போதிய அளவு உயர்ந்த சாதி இந்துவோ சமையலுக்குத் தகுதியுடையவர் என்று எழுதியிருந்தது. ஆண்டைக் கவனியுங்கள். 1951! குடியரசுக்கு அப்போது வயது ஒன்று.

உள்ளே நுழைந்து பார்ப்போம். 1924 இல் வைக்கத்துத் தெருவில் மனிதன் நடக்கவேண்டும் என்று போராடியதற்காகப் பெரியார் இருமுறை சிறைப்பட்டார். இரண்டாம் முறை திருவனந்தபுரத்தில் கடுங்காவல். அப்போராட்டத்தில் தாமும் சிறைப்பட்ட கே. பி. கேசவமேனன், பெரியாரை அங்கே கண்ட காட்சியைப் பின்னர் எழுதி வைத்தார். காலில் விலங்கு, தலையில் கைதிக் குல்லாய், முழங்கால் அளவு வேட்டி, கழுத்தில் மரப்பட்டை, கொலையும் கொள்ளையும் செய்தவரோடு சேர்ந்து வேலை. ஈரோட்டு நகரமன்றத்தின் தலைவராக இருந்த செல்வர்! மற்றத் தலைவர்களுக்கு அரசியல் கைதிகளுக்குரிய வசதிகள், அவருக்கு விலங்கு. நாய் நடக்கும் தெருவில் மனிதன் நடக்கலாகாது என்ற அரசின் சிறை அது.

நம் நாட்டுச் சிறை வரலாற்றில் எல்லாரும் அறிந்த பொருள் ஒன்று உண்டு: கோவைச் சிறையில் வ. உ. சிதம்பரனார் இழுத்த செக்கு. அது நினைவுச் சின்னமாகக் காக்கப்படுகிறது. மாணவர்களை அழைத்துச் சென்று காட்டுகிறோம். காட்டவேண்டியதுதான். ஆனால் அதே காலத்தில், அதே போன்ற சுவர்களுக்குள், விடியுமுன் எழுந்து நூற்றுக்கணக்கானோரின் கழிவைச் சுமந்தவனின் வாளி எந்தக் காட்சிக்கூடத்திலும் இல்லை. செக்கு தண்டனை, தண்டனைக்காலம் முடிந்தால் செக்கும் முடிந்தது. வாளி தண்டனையன்று, அவனுக்கு அது வெளியேயும் காத்திருந்தது. திருடியதற்காக அவனுக்குக் கிடைத்தது ஆறு திங்கள். பிறந்ததற்காகக் கிடைத்தது ஆயுள்.

பிறப்பே குற்றம் என்று சொன்ன சட்டமும் இருந்தது. 1871 இல் வடக்கே வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911 க்குப் பின் சென்னை மாகாணத்தையும் பிடித்தது. நம் மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றனர். குறிப்பிட்ட குலத்தில் பிறந்த ஆண்மகன் கைரேகை பதியவேண்டும், ஊரைவிட்டு அகல ஒப்புதல் வாங்கவேண்டும், மீறினால் சிறை. இதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கி முழங்கியது. பிரமலைக் கள்ளர் பலர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947 இலும் இந்திய அளவில் 1952 இலும் அந்தச் சட்டம் ஒழிந்தது. ஒழிந்ததா? சிறை விதிநூல்களைப் புரட்டினால் அதன் ஆவி உலவிக்கொண்டிருந்தது. இரவுக் காவலுக்குக் கைதி மேற்பார்வையாளரை அமர்த்தும்போது, தப்பியோடும் இயல்பு மிகுந்த நாடோடிக் குலத்தவரை அமர்த்தக்கூடாது என்றது வங்கத்து விதி. ஆந்திரத்து விதி, குற்றம் செய்யும் பழக்கத்தைக் குலத்தோடு இணைத்துப் பேசியது. இயல்பாம்! எந்த அறிவியல் கூடத்தில் அளந்தார்களோ!

சாதியோடு வகுப்பும் சேர்ந்தது. 1929 செப்டம்பர் 13 அன்று லாகூர்ச் சிறையில், அரசியல் கைதிகளை மனிதராக நடத்தவேண்டும் என்று 63 நாள் உண்ணாது கிடந்து யதீந்திரநாத் தாஸ் உயிர்விட்டார். நாடே அழுதது. அரசு அடுத்த ஆண்டு ஒரு சீர்திருத்தம் செய்தது: கைதிகள் ஏ, பி, சி என்று மூன்று வகுப்பு. எதை வைத்துப் பிரிப்பது? சமூக நிலை, கல்வி, வாழ்க்கைப் பழக்கம். வெளியே நாற்காலியில் அமர்ந்தவனுக்கு உள்ளேயும் நாற்காலி. வெளியே தரையில் கிடந்தவனுக்கு உள்ளேயும் தரை. நல்லுணவும் நூலும் கேட்டுச் செத்தவர் கேட்டது இதையா?

இந்த ஏற்பாட்டின் கீழ்ப்படியில்தான் நம் இயக்கத்தின் எளிய தொண்டர்கள் கிடந்தனர். 1938 இல் கட்டாய இந்தியை எதிர்த்துச் சிறை சென்றவர்களில் நடராசன் 1939 ஜனவரியிலும், தாளமுத்து அதே ஆண்டு மார்ச்சிலும் உயிர் நீத்தனர். சென்னைச் சிறை அவர்களை நோயாளியாக்கிப் பிணமாக்கி அனுப்பியது. ஒருவர் ஆதிதிராவிடர், மற்றவர் நாடார். பல ஊர்களில் அன்றைக்கு ஒரே கிணற்றில் நீர் மொள்ள விடாத சமூகம், இருவரையும் மூலக்கொத்தளம் இடுகாட்டில் ஒன்றாகக் கண்டது. 1837 இல் கட்டிய அந்தச் சென்னை மத்தியச் சிறை 2009 இல் இடித்துத் தள்ளப்பட்டது.

1957 நவம்பர் 26. சாதியைக் காக்கும் பகுதிகள் அரசியல் சட்டத்தில் இருக்கின்றன என்று கூறிப் பெரியார் அவற்றைக் கொளுத்தச் சொன்னார். அதற்கென்றே மூன்றாண்டு வரை சிறை என்று அவசரமாக ஒரு சட்டம் செய்திருந்தது சென்னை அரசு. தெரிந்தே ஆயிரக்கணக்கானோர் கொளுத்திச் சிறை புகுந்தனர். உழவர், கூலியாள், கைம்மகனைப் பெற்ற தாய், மணமாகிச் சில திங்களே ஆன இளைஞன். 1958 மார்ச்சில் திருச்சிச் சிறையில் பட்டுக்கோட்டை இராமசாமியும் மணல்மேடு வெள்ளைச்சாமியும் மாண்டனர். உடல்களைத் தோழர்களிடம் தராது சிறைக்குள்ளேயே புதைத்துவிட்டனர். மணியம்மையார் முதலமைச்சர் காமராசரைச் சந்தித்து முறையிட்ட பிறகே உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டுத் திருச்சித் தெருக்களில் ஊர்வலமாகச் சென்றன. சாதிக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது என்றதற்காகச் செத்தார்கள். 'எங்கே இருக்கிறது, காட்டு' என்று அன்றைக்கு அவர்களை எள்ளியவர்களுக்கு, நாட்டின் சிறை விதிநூல்களை விரித்துக் காட்டியிருக்கலாம். ஆனால் அந்த நூல்களை யார் படித்தார்கள்?

படித்தவர் ஒரு பெண். பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா, பல மாநிலங்களின் சிறை விதிகளையும் அவற்றால் வதைபட்டோரின் பட்டறிவையும் திரட்டி 2020 டிசம்பரில் வெளியிட்டார். பின்னர் உச்சநீதிமன்றத்தின் கதவையும் அவரே தட்டினார். 2024 அக்டோபர் 3 அன்று தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதிகள் பர்திவாலா, மனோஜ் மிஸ்ரா ஆகியோரின் தீர்ப்பு வந்தது. சாதி பார்த்து வேலை தரும் விதிகள், சாதி பார்த்துக் கொட்டடி ஒதுக்கும் விதிகள், குலத்தைக் குற்றத்தோடு முடிச்சுப்போடும் விதிகள் அனைத்தும் அரசியல் சட்டத்துக்கு மாறானவை என்று அடித்துச் செல்லாதாக்கினர். தீண்டாமையை ஒழிக்கும் 17 ஆம் விதியோடு, கட்டாய உழைப்பைத் தடுக்கும் 23 ஆம் விதியையும் எடுத்துக் கையாண்டது அத்தீர்ப்பு. இரத்தினகிரியின் பெயரறியாத கைதிக்கு இந்த 23 தான் விடை. உத்தரப்பிரதேசத்தின் விதிநூல் 2022 இல் புதுப்பிக்கப்பட்டது. அதிலும்கூட, இழிந்த வேலைகளைச் செய்து பழகிய சமூகத்தவனாக இருந்தாலன்றி வெறுங்காவல் கைதிக்கு அவ்வேலை தரலாகாது என்ற வரி இருந்தது! 'பழகிய சமூகம்'. யார் பழக்கினார்கள்?

இது வடநாட்டுக் கதை, நமக்கென்ன என்று மீசையை முறுக்கவேண்டாம். அதே தீர்ப்பில் பாளையங்கோட்டை வருகிறது. 1965 மொழிப்போரில் கலைஞர் தனிமைச் சிறையில் வைக்கப்பட்டாரே, அதே பாளையங்கோட்டை. அங்கே தேவர், நாடார், பள்ளர் என்று சாதிவாரியாகக் கைதிகளைத் தனித்தனிப் பகுதிகளில் அடைக்கிறார்கள், அதை நிறுத்தவேண்டும் என்று ஒருவர் வழக்குத் தொடுத்திருந்தார். அரசு மறுக்கவில்லை. நெல்லையிலும் தூத்துக்குடியிலும் சாதி மோதல்கள் மிகுதி, மோதலைத் தவிர்க்கவே பிரித்து வைக்கிறோம் என்றது. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை ஏற்று வழக்கைத் தள்ளியது. உச்சநீதிமன்றம் 2024 இல் அதை ஏற்கவில்லை. ஒழுங்கைக் காப்பது சிறையின் கடமை. சாதிச் சுவர் எழுப்பாமலே அதைச் செய்யவேண்டும் என்றது.

அரசு சொன்ன அச்சம் முழுப்பொய் என்று நான் சொல்லவரவில்லை. 2021 ஏப்ரலில் அதே சிறைக்குள் இளைஞர் ஒருவர் மற்றக் கைதிகளால் தாக்கப்பட்டு இறந்தார். உயிர் பெரிது. ஆனால், ஒருவனைக் கொல்லத் துடிக்கும் பகைவனிடமிருந்து அவனைப் பிரித்துக் காப்பது வேறு. யாரென்றே அறியாத ஆயிரம் பேரைப் பிறப்பைக் கேட்டுப் பகுதி பகுதியாக ஒதுக்குவது வேறு. முன்னதற்குக் கைதியின் வழக்கைப் படிக்கவேண்டும், பகையை ஆராயவேண்டும், காவலர் விழித்திருக்கவேண்டும். பின்னதற்கு ஒரு சொல் போதும். எளிய வழியைச் சிறை எடுத்துக்கொண்டது. 2022 ஆம் ஆண்டின் அரசுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூவர் இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர். ஒரு திருட்டு வழக்கில் ஐயத்தின்பேரில் பிடிபட்ட பதினெட்டு வயதுப் பையன், சாதிச்சண்டையே அறியாதவன், சாதிப் பகுதியில் மூன்று திங்கள் கிடந்துவிட்டு எப்படி வெளியே வருவான்? உள்ளே அவனுக்குக் காவல் தந்தது சாதி. பீடி தந்தது சாதி. வழக்கறிஞரைக் காட்டியது சாதி. அவன் சாதித் தலைவனின் படம் பொறித்த சட்டையோடு திரும்பினால், குற்றம் அவனுடையது மட்டுமா?

இதை எழுதும் நான் பள்ளி ஆசிரியன். தென் மாவட்டப் பள்ளிகளில் மாணவர் சிலர் மணிக்கட்டில் கட்டிவரும் வண்ணக் கயிறுகளை நீங்கள் அறிவீர்கள், நிறமே சாதி. 2023 இல் நாங்குநேரியில் ஒரு மாணவனை உடன் பயின்றோரே வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் அந்தக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லிற்று. கயிற்றை அவிழ்க்கச் சொல்லும் ஆசிரியனைப் பார்த்து ஒரு மாணவன், 'ஐயா, ஜெயிலில் அரசாங்கமே பிரித்துத்தானே வைக்கிறது' என்று கேட்டிருந்தால், அவனுக்கு விடை சொல்ல என்னிடம் ஒன்றும் இருந்திராது.

உச்சநீதிமன்றம் மாநிலங்களுக்கு மூன்று திங்கள் தவணை தந்தது, விதிநூல்களைத் திருத்த. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையமும் சிறைப் பார்வையாளர் குழுவும் சேர்ந்து நேரில் சென்று பார்த்து அறிக்கை தரவேண்டும் என்றும் ஆணையிட்டது. இன்னொன்றும் சொல்லிற்று: சிறைப் பதிவேடுகளில் உள்ள சாதிக் கட்டத்தை நீக்குக.

இதைக் கேட்டு நண்பர் ஒருவர் என்னிடம், 'உன் பள்ளிப் பதிவேட்டிலும் சாதிக் கட்டம் இருக்கிறதே, அதையும் நீக்கிவிடலாமே' என்றார். இட ஒதுக்கீட்டைக் கண்டால் எரியும் நண்பர். என் பதிவேட்டில் உள்ள கட்டம், முதல் தலைமுறையாக எழுத்தறியும் பிள்ளைக்கு உதவித்தொகையும், விடுதியில் இடமும், நாளைக்கு ஒரு கல்லூரி நாற்காலியும் வாங்கித் தர இருக்கிறது. பறித்ததைத் திருப்பித் தருவதற்கு, பறிகொடுத்தவன் யார் என்று தெரியவேண்டும். சிறை வாயிலில் எழுத்தர் அதே கேள்வியைக் கேட்டது, அகப்பையை எவனிடம் கொடுப்பது, வாளியை எவனிடம் கொடுப்பது என்று தெரிந்துகொள்ள.